நிறுத்தி வைக்க முடியாத ஆட்டம்

இத்தாவின் நூற்றுப் பதினேழாம் நாள் காலையில், மாமி அனுப்பிய ஐந்து உயிர்கள் முஸ்பிறாவின் போனுக்கு வந்து சேர்ந்தன. பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கிற விளையாட்டு அது. தோற்றால் ஓர் உயிர் குறையும். எல்லாம் போய்விட்டால் அரைமணித்தியாலத்துக்கு ஒன்றாகத் தானே ஊறி வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதே விளையாட்டை ஆடுகிற யாராவது அனுப்பித் தர வேண்டும். மாமி தினமும் விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு மருதமுனையிலிருந்து அனுப்புவார். கூடவே ஒரு குரல் பதிவும் வரும். "மகள், அனுப்பியிரிக்கன், எடுங்க. நான் முன்னூத்திப் பன்னெண்டுல நிக்கன். அந்த அன்னாசிப்பழம் உடையுதில்ல, சனியன்."

மாமி என்பது அவளுடைய கணவர் றஸாக்கின் உம்மா, சபியா உம்மா. றஸாக் விபத்தில் மௌத்தாகி நான்கு மாதம் ஆகப்போகிறது. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா முடியும்வரை, இன்னும் பதின்மூன்று நாள், முஸ்பிறா வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளைதான் உடுக்க வேண்டும். வெளி ஆண்களின் குரல் கேட்டால் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். சாய்ந்தமருதில் இருக்கிற இந்த வீடு அவளுடைய கல்யாணத்துக்காக வாப்பா கட்டிக் கொடுத்தது. ஊர் வழமைப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். றஸாக் ஒரு சூட்கேஸும் ஏசி திருத்துகிற சாமான் பெட்டியும் கொண்டு வந்தார். ஆறு வருடம் அவர் திறந்து மூடிய ஜன்னலுக்கு வெளியே அயல்வீட்டு மதில் மட்டுமே தெரியும். காலையில் அந்த மதிலின் மேல் விளிம்பில் தொடங்குகிற வெயில் மெல்ல மெல்ல இறங்கி, பாசி படிந்த அடிப்பகுதியைத் தொடுவதற்கு முன் களைத்துப்போகும். கடல் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அதன் சத்தம் எல்லா நேரமும் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் ஒரு பெரிய துணியை விரித்து விரித்து மடிப்பதுபோல என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வாள். நான்கு மாதமாக அந்தத் துணி மடிந்து முடியவில்லை.

அவளை வீடு மட்டும் அடைத்து வைத்திருக்கவில்லை. றஸாக் அன்று திருக்கோவில் ஊர்ப் பக்கம் வேலை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சைக்கிள் நெல்லில் வழுக்கி, எதிரே வந்த உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் போய் அடித்தது. அவர் ஏன் நெல்லின் மேல் ஏற்றினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆறு வருடமாக அதே வீதியில் போய் வருகிற மனிதர். முஸ்பிறாவுக்கு விளங்கும். அவள் அப்போது அவருக்குப் போன் எடுத்தாள். அவர் பதில் சொல்லவில்லை. திரும்ப எடுத்தாள். மூன்றாம் முறை அவர் எடுத்தார். ஒரு கையால் போனையும் மறு கையால் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு.

இரண்டாம் நாள், வீடு நிறையப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தபோது, அவள் குளியலறைக்குள் போய்த் தன் போனிலிருந்து அந்த மூன்று அழைப்புகளையும் அழித்தாள். அவருடைய போன் வீதியிலேயே சிதறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். "அல்லாஹ்ட நாட்டம் புள்ள. நீ என்ன செய்ற?" அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் அவளுக்கு மேலே இன்னொரு கதவைச் சாத்தியது. மாமியும் சொன்னார். மாமி மட்டும் தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ பிடித்து வருவார், ஏதாவது சமைத்துக் கொண்டு. கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு பழம் உடைப்பார். பேச ஒன்றும் இல்லாத இரண்டு பெண்களுக்கு அந்த விளையாட்டு நல்ல வசதியாக இருந்தது. இத்தா முடிந்தால் மாமி இப்படி வரமாட்டார். மகன் இல்லாத வீட்டுக்கு என்ன முறை சொல்லி வருவது? அந்த அழைப்புகளைப் பற்றி மாமியிடம் சொல்வதென்றால் இந்தப் பதின்மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மாமி அனுப்பிய உயிர்களை வாங்கிக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

தங்கச்சி ஆதிலா வந்து இரண்டு கிழமையாகிறது. அவள் படிக்கிற கம்பஸில் ஊழியர்களின் வேலைநிறுத்தம். வந்த அன்று முஸ்பிறாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"ராத்தா, இது விளையாட்டில்ல. தொட்டில்."

"அப்ப உன்டது என்னடி?"

"என்டது விழுந்தா நோகும்." ஆதிலா லெப்டொப்பைத் திறந்தாள். "உங்கடதுல தோத்தா 'பரவால்ல, மறுகா செய்ங்க' எண்டு சிரிச்சிக்கிட்டு நிக்கும். சோறு பொங்கினா வெச்சிட்டுப் போகலாம். இதுல நிப்பாட்ட ஏலா. நீங்க எழும்பிப் போனாலும் அது நடந்துக்கிட்டே இரிக்கும். செத்தா செத்ததுதான், முதல்லரிந்து வரணும்."

"பைத்தியம். அப்பிடியொண்ட ஆரும் காசு குடுத்து வாங்குவாங்களா?"

"மூணு மாசமா நாங்க ஒரு மலைய ஏற ஏலாம கெடக்கம்," என்றாள் ஆதிலா, ஏதோ பரிசு வாங்கியவள்போல.

அடுத்த நாள் முஸ்பிறா அதைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். உம்மா வாசலில் நின்று தலையில் கை வைத்தார். "பக்கத்து வீட்டு உம்மு ராத்தா கண்டா ஊரக் கூட்டும். இத்தாவுல இரிக்கிற புள்ள கேம் அடிக்கிறாவாம். சத்தத்தயாவது கொறைங்கடி." ஆனாலும் மகள் நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள் என்பதால் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அது பனி மூடிய ஒரு நாடு. நான்கு பேர் ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே ஒரு விளக்கு. விளக்கைச் சுமப்பவள் சண்டை பிடிக்கத் தேவையில்லை. நடந்தால் போதும். நின்றால் வெளிச்சம் சுருங்கி மற்ற மூவரையும் குளிர் எடுத்துக்கொள்ளும். புதியவள் என்பதால் முஸ்பிறாவிடம் விளக்கைக் கொடுத்தார்கள். குழுவின் தலைவி தம்பிலுவில் ஊர்த் துசாந்தினி, ஆதிலாவோடு படிக்கிறவள். இன்னொருத்தி ஜெனூபா. முஸ்பிறாவைப் பற்றி அவர்களிடம் 'எங்கட சொந்தக்காரப் புள்ள' என்று மட்டும் ஆதிலா சொல்லியிருந்தாள். வேறு ஒன்றும் சொல்லாதே என்று முஸ்பிறா கேட்டிருந்தாள். மைக்கை மூடிவைத்துக்கொண்டு கேட்க மட்டும் செய்தாள்.

"விளக்குக்காரி, நித்திரையோ?" துசாந்தினியின் குரல் காதுக்குள் வெடிக்கும். "இடப்பக்கம் எண்டு தமிழிலதானே சொன்னனான்! உங்கட ஊரில இடப்பக்கம் வேற பக்கமோ?"

முஸ்பிறாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அதை ஆதிலாவும் பார்த்தாள். நான்கு மாதமாக அவளிடம் யாரும் குரலை உயர்த்தவில்லை. தேநீரில் சீனி கூடினாலும், கைதவறிக் கோப்பை உடைந்தாலும், எல்லோரும் அவளைப் பார்த்து அந்த மெல்லிய குரலில் பரவாயில்லை என்றார்கள். இங்கே அவள் பிழை விட்டால் அது பிழை. பன்னிரண்டு நாளில் அவள் பாறைகளின் பெயர்களைப் படித்தாள், காற்று எந்தப் பக்கமிருந்து எத்தனை எண்ணுவதற்குள் வரும் என்று படித்தாள். பகல் சோற்றுக்குப் பிறகு இரண்டு மணிக்கு அந்தப் பனிக்குள் இறங்கும்போது, இதுவரை கண்டிராத அந்தக் குளிர் உள்ளங்கையில் உண்மையாகவே ஏறுவதுபோல இருக்கும். இரண்டு விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் தன் பாட்டில் யோசித்துக்கொண்டாள். லேசு, கஷ்டம் என்பதெல்லாம் பெரிதில்லை. மாமியின் அன்னாசிப்பழமும் கஷ்டம்தான். அங்கே உன் பிழை உன்னோடு முடிந்துவிடும். இங்கே அது போய் இன்னொருத்தியின் மேல் விழும்.

அன்று கணவாயின் கடைசி வளைவு வரைக்கும் வந்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை. ஜெனூபா மூச்சுக்கூட விடவில்லை. துசாந்தினி கிசுகிசுத்தாள். "நட. நட. நிக்காத பிள்ள. இன்னும் இருபது அடி."

"அஸ்ஸலாமு அலைக்கும்! மகள்?"

வாசலில் மாமி. இன்று அஸருக்கு முன்பே வந்துவிட்டார். ஆறு வருடப் பழக்கம். மாமியின் சலாம் கேட்டால் முஸ்பிறா எழும்பிவிடுவாள். முக்காட்டை இழுத்துவிட்டு, "வஅலைக்கும் ஸலாம் மாமி, வாங்க" என்று சொல்லும்போதுதான் போன் கட்டிலில் கிடப்பதைக் கண்டாள். ஆதிலா "ராத்தா!" என்று கத்தினாள். திரையில் விளக்குக்காரி பனிக்குள் அசையாமல் நின்றாள். வெளிச்சம் ஒரு தட்டளவு சுருங்கியது. பிறகு ஒரு கோப்பையளவு. மூன்று உருவங்களும் ஒவ்வொன்றாக முழந்தாளிட்டு வெள்ளையாகிப்போயின.

மாமி கொண்டுவந்த சமையலை வைக்க உம்மாவோடு குசினிப் பக்கம் போனார். முஸ்பிறா காதில் மாட்டுவதை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"...ஏன் நிண்ட? ஏன் நிண்ட நீ? மூண்டு மாசம்! உன்னாலதான் மூண்டு பேரும் செத்த. வேற ஒருத்தரும் இல்ல. உன்னால!"

ஆதிலாவின் முகம் வெளிறிவிட்டது. "துசா, வாயப் பொத்து. அவ ஆரெண்டு தெரியுமா உனக்கு, அவட மாப்புள..."

முஸ்பிறா கையை நீட்டித் தங்கச்சியின் மைக்கை மூடினாள். பிறகு, பன்னிரண்டு நாளில் முதல்முறையாகத் தன் மைக்கைத் திறந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, வெகுநாளாக முறுகிக் கிடந்த ஒரு திருகாணி, ஒரு சுற்றுத் தளர்ந்தது.

"ஓம்," என்றாள். "என்னாலதான். நான் நிண்டுட்டன்."

அந்தப் பக்கம் தம்பிலுவிலில் எங்கோ ஒரு சேவல் கூவுவது காதுக்குள் கேட்டது.

"சரி," என்றாள் துசாந்தினி. குரல் இறங்கியிருந்தது, ஆனால் மெல்லியதாகிவிடவில்லை. "ஒத்துக்கொண்டீங்கதானே. நாளைக்கு ரெண்டு மணி. முதல்ல இருந்து."

மாமி அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் அமர்ந்தார். ஆதிலா தன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். மாமி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார், போனை எடுத்தார். "முன்னூத்திப் பதினாலு மகள். அன்னாசி போயிட்டு. இப்ப தேசிக்கா வந்திரிக்கி."

"மாமி, அண்டைக்கு நான் அவருக்கு கோல் எடுத்தன்."

மாமியின் பெருவிரல் நின்றது.

"மூண்டு தரம். ரெண்டு தரம் அவர் எடுக்கல்ல. மூண்டாம் தரம் எடுத்தார். கதைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ளதான்..." அவளால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. "நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அழிச்சிட்டன்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று முஸ்பிறா காத்திருந்தாள். அந்தத் திட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"என்னத்துக்கு எடுத்த?"

"தயிர். வரக்குள்ள ஒரு சட்டி தயிர் வாங்கிட்டு வாங்க எண்டு."

"அவன் என்ன சொன்னான்?"

அந்தக் கேள்வியை முஸ்பிறா எதிர்பார்க்கவில்லை. நான்கு மாதமாகத் தன் பிழையை மட்டுமே சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு, அழைப்புகளை அழித்தபோது கூடவே இன்னொன்றையும் இந்த மனுசியிடமிருந்து ஒளித்துவைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"'பெரிய சட்டியா சின்னதா' எண்டு கேட்டார்."

"எப்பிடிக் கேட்டான்? கோவமாவா?"

"இல்ல மாமி. சிரிச்சிக்கிட்டு. காத்துச் சத்தம் கேட்ட. 'பெரிய சட்டியா சின்னதாகா' எண்டு, எப்பவும்போல அந்தக் 'கா'வ இழுத்து, அப்பிடித்தான்."

மாமி உதடுகளை அசைத்தார். ஒரு துஆவை மனனம் செய்பவர்போலச் சத்தமில்லாமல் அதைத் திரும்பச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு எழும்பினார். முஸ்பிறாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "மாமி," என்று அவள் பின்னால் வந்தாள். மண்டபத்தைக் கடந்து, உம்மாவின் "தேத்தண்ணி வெச்சிரிக்கன்" என்ற குரலைக் கடந்து, வாசல்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு வழி இல்லை. கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாமி படியிறங்கிச் செருப்பைப் போட்டார். ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. மற்றச் செருப்பு மணலில் கவிழ்ந்து கிடந்தது. மாமி குனியவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. வெயிலில் ஒழுங்கையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மடித்த உள்ளங்காலில் மணல் ஒட்டிய அந்த வெறும் கால் மட்டும் முன்னும் பின்னுமாக, கவிழ்ந்த செருப்பைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது.