ஏரான் உட்கார ஒரு ஸ்டூல்

ஏரான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதில் ஒரு வேளைகூட அவள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவள் கணவர் தால்சுவுக்கு முதலில் இது கண்ணில் படவில்லை. பட்ட பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அவர் முப்பத்தொரு வருடம் கொரியாவின் சொங்ஜு நகரில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எதையும் அளந்து, குறித்து, இன்னொரு முறை சரிபார்த்து, அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிற ஆள். ஏரான் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும், சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி அடுப்போரமாக நின்றே சாப்பிடுவாள்.

“உக்காருங்களேன்.”

“இருக்கட்டுங்க. நின்னே பழகிடுச்சு.”

அறுபதை ஒட்டிய வயதில் திருமணம் செய்துகொண்டவர்கள். இன்னும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றே பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு மேஜையும் நான்கு நாற்காலிகளும் அவருடைய முதல் மனைவி பார்த்துப் பார்த்து வாங்கியவை. அவள் இறந்து ஆறு வருடம். ஏரான் அந்த நாற்காலிகளைத் துடைப்பாள், நகர்த்திப் பெருக்குவாள், உட்கார மட்டும் மாட்டாள். ஏன் என்று கேட்க தால்சுவுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கேட்காமலே மேஜையையும் நாற்காலிகளையும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலோரமாகச் சாப்பிட உயரமான மேடை ஒன்று போட்டார். அதற்கு இரண்டு ஸ்டூல்கள் வேண்டும். அதில் ஒன்றிலாவது அவள் உட்கார வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள்.

“முதலாளி, இது பதினெட்டாவது,” என்றாள் கடைக்காரி. வருகிற ஆண்களையெல்லாம் அவள் முதலாளி என்றுதான் கூப்பிடுவாள். “பொண்ணு பாக்கறப்பகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க.”

“அப்ப அளவு நாடா மட்டுந்தான் எடுத்துட்டு வரல,” என்றாள் ஏரான்.

தால்சு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். “அஞ்சு நிமிஷம் உக்காந்தா எல்லா ஸ்டூலும் சொகமாத்தாம்மா இருக்கும். பத்து நிமிஷம் உக்காந்தாத்தான் அதோட குணம் தெரியும்.”

“அப்ப நூடுல்ஸ் சொல்லிடவா? சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்க போலிருக்கே.”

முதுகு இல்லாதவை இடுப்பைப் பிடித்தன. சுழல்கிறவை இறங்கும்போது ஆளையும் சேர்த்துத் திருப்பின. வழவழப்பான தோல் போட்டவை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளின. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பத்தொன்பதாவது, தாழ்ந்த முதுகும் பழுப்பு மர இருக்கையும் கொண்டது, எந்தக் குறையும் வைக்கவில்லை.

“மேடை தொண்ணூத்தொண்ணு. இது அறுபத்தஞ்சு. தொடை நுழைய இருபத்தாறு சென்டிமீட்டர் இருக்கு, தாராளம். நீங்க உக்காந்து பாருங்க.”

ஏரான் ஏறி உட்கார்ந்தாள்.

“கால் எட்டுதா?”

“எட்டுது.”

“நெசமாவா?”

“நீங்களே பாருங்களேன்.”

குனிந்து பார்த்தார். அவளுடைய நடைக் காலணிகள் இரண்டும் கீழே இருந்த இரும்புக் கம்பியின் மேல் சரியாகப் பதிந்திருந்தன. இரண்டு ஸ்டூல்கள் வாங்கினார்கள். அன்று மாலை, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காதபடி எட்டுக் கால்களுக்கும் குட்டி உறைகளை மாட்டிவிட்டு, தால்சு தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

அன்று இரவு ஏரான் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிண்ணத்தை மேடையில் வைத்தே சாப்பிட்டாள். தால்சுவுக்குக் குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழு நிமிடம் உட்கார்ந்தாள். செவ்வாய் நான்கு. புதன்கிழமை முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் எடுக்க எழுந்தவள் திரும்பி வந்து உட்காரவில்லை. குளிர்பெட்டிப் பக்கமாகவே நின்று முடித்தாள். வியாழனும் வெள்ளியும் நின்றாள்.

இதையெல்லாம் குறித்து வைத்ததற்காக அவர் தன்னையே கடிந்துகொண்டார். ஒருத்தி சாப்பிடுகிற நேரத்தை மீட்டர் மாதிரி பார்ப்பது என்ன பழக்கம்? அதைவிட இன்னொரு எண்ணம் உறுத்தியது. குறை நாற்காலியில் இல்லையோ? எதை மாற்றினாலும் இந்த வீட்டில் அவளுக்கு உட்காரத் தோன்றாதோ? இந்தக் கணக்கை அவருக்குச் சரிபார்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரான் அவருக்கு முதுகு காட்டி மேடையருகே உட்கார்ந்து வெங்காயத் தாள் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வந்தது அவளுக்குத் தெரியாது. காலுறை மட்டும் அணிந்த அவளுடைய வலது கால் கீழே நீண்டு, கட்டைவிரல் நுனியால் கம்பியைத் தேடியது. தொட்டது, வழுக்கியது, மறுபடி தேடியது. பிறகு சோர்ந்து அந்தரத்தில் தொங்கியது. அவள் ஒரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உடம்பைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

தால்சு சத்தமில்லாமல் வாசலுக்குப் போனார். காலணி கழற்றும் இடத்தில் அவளுடைய நடைக் காலணிகள் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. குதிகால் வலிக்காக வாங்கியவை, அடிப்பாகம் தடித்தவை. நாடாவை எடுத்து அளந்தார். உள்ளே போட்டிருந்த மெத்தையையும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர்.

கடையில் இருவரும் செருப்போடுதான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் காலணியோடு யார் நடப்பார்கள்? முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாசல்களில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போன மனிதருக்கு இது ஒன்று தோன்றவில்லை.

ஒரு காலணியைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்கு வந்தார்.

“அத எதுக்குங்க உள்ள எடுத்துட்டு வர்றீங்க? இப்பத்தான் தரையத் தொடச்சேன்.”

“கால் எட்டலன்னு ஏன் சொல்லல?”

ஏரான் தாளைக் கீழே வைத்தாள். “கொஞ்சந்தானே எட்டல.”

“ஒரு வாரமாவா?”

“தொங்கப் போட்டா மரத்துப்போவுது. கம்பியும் ஐஸ் மாதிரி இருக்கு. கீழ சூடேத்துன தரை கதகதன்னு இருக்கு, என் காலுக்கு மட்டும் அந்தக் குடுப்பின இல்ல.” சிரித்துப் பேச்சை முடித்துவிடப் பார்த்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்துக் குரல் தாழ்ந்தது. “பத்தொம்போது ஸ்டூல்ல உக்காந்தீங்க. நோட்டு நெறைய எழுதினீங்க. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது? உங்க வீட்டுல வந்து நான் அது சரியில்ல, இது சரியில்லன்னு...”

“யாரு வீட்டுல?”

ஏரான் கீழே விழுந்த ஒரு வெங்காயத் தாளை எடுக்கக் குனியப் போனாள். தால்சு முந்திக்கொண்டு எடுத்தார்.

“கோட்டு போட்டுக்குங்க,” என்றார். “கடை ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கும்.”

“இப்பவா? வெங்காயம் பாதியில கெடக்குது.”

“கெடக்கட்டும்.”

கடைக்காரி ஸ்டூலோடு நுழைந்தவர்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். “முதலாளி, இருபதாவதும் பாத்துடலாம்னு வந்தீங்களா?”

“இன்னைக்கு நான் பாக்கல. இவங்க பாப்பாங்க. செருப்பக் கழட்டிட்டு உக்காரணும்.”

“கடையிலயா?” கேட்டாளே தவிர, அதற்குள் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டாள். “இருபது வருஷமா கடை வச்சிருக்கேன், ஒருத்தரும் கழட்டினதில்ல. வாங்கக்கா, இது உங்க வீட்டு ரூம்தான்.”

ஏரான் தயங்கித் தயங்கிக் காலணிகளைக் கழற்றினாள். முதல் ஸ்டூலில் ஏறி உடனே இறங்கினாள். “வேணாம்.” இரண்டாவது. “இதுவும் வேணாம்.” மூன்றாவதற்கு வந்தபோது அட்டையை அவளே காலால் தள்ளிக்கொண்டு போனாள். தால்சு நாடாவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது சிரமமாகத்தான் இருந்தது.

கடைசியில் சுவரோரமாகக் கிடந்த ஒன்றில் ஏறினாள். அகலமான இருக்கை, தடித்த துணிமெத்தை, அழுத்தமான கடுகு மஞ்சள். கால் வைக்கும் கட்டையும் மரம், நன்றாக மேலே இருந்தது. பாதம் முழுதாகப் பதிந்தது. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, இரண்டு கால்களையும் மேலே இழுத்துச் சப்பணம் போட்டுக்கொண்டாள். தரையில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள்.

“இதுதான்,” என்றாள்.

தால்சு அந்த மஞ்சளைப் பார்த்தார். பழுப்பு மேடைக்கும் சாம்பல் சுவருக்கும் அது கொஞ்சமும் ஒட்டாது.

“இதே நிறந்தானா?”

“ஏன், கண்ணக் குத்துதா?”

“லேசா.”

“குத்தட்டும். எனக்குப் புடிச்சிருக்கு.”

அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் தனக்குப் பிடித்தது என்று அவள் சொன்ன முதல் பொருள் இது. தால்சு கடைக்காரியிடம் திரும்பினார். “இதுலயே ரெண்டு குடுங்க.”

“எதுக்கு ரெண்டு?” ஏரான் ஸ்டூலில் இருந்தபடியே தடுத்தாள். “உங்களுக்கு அந்தப் பழுப்பு சரியாத்தானே இருக்கு? உங்களுது உங்களுக்கு. எனக்கு மட்டும் மாத்துனாப் போதும்.”

“ஜோடி சேராதேக்கா,” என்றாள் கடைக்காரி.

“நாங்க மட்டும் என்ன, ஜோடியாவா வந்தோம்? தனித்தனியா வந்துதான் சேந்தோம்.”

கடைக்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாலையில் இருவரும் மேடைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏரான் சப்பணமிட்டிருந்ததால் அவளுடைய முழங்கால் தால்சுவின் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மேடை நிறையக் காலியாக இருந்தது. இருவரும் நகரவில்லை.