கீழாநெல்லி முளைத்த தெரு

"இந்தத் தெருவுல கீழாநெல்லி எப்படி இவ்வளவு இருக்கு?" என்று கமலினி அக்கா ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் "தெரியலக்கா" என்றேன். யார் எது கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு வருடமாக எங்கள் ராஜபாளையத்தில் தெருத் தெருவாக நடந்து, வாசலோரம் தானாக முளைக்கும் செடிகளை எண்ணினாள். சூட்டை அளக்கிற கருவியை எல்லாத் தெருவிலும் வைக்க முடியாது, செடி எல்லாத் தெருவிலும் நிற்கிறது என்பாள். நெருஞ்சி படர்ந்திருந்தால் சூடான தெரு, வரைபடத்தில் சிவப்பு. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் இருந்தால் குளிர்ந்த தெரு, பச்சை. பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை முடிந்ததும் நானும் கூடப் போய்ச் செடிகளின் பெயரைச் சொல்வேன்.

வரைபடம் முடிந்தபோது எங்கள் தெரு பச்சையாக இருந்தது. திங்கட்கிழமை அதை ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுக்கப் போவதாகவும், சிவப்பான பத்துத் தெருக்களில் அவர்கள் கூரைக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள். எங்கள் தெரு முழுக்கத் தகரக் கூரை. அடுத்த வீட்டு செல்லக்கனி மதினி மதியமானால் இரண்டு மாதப் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் ஈரச் சேலை விரித்துப் போடுவாள். அப்படியும் அதன் முதுகில் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது அவள் வாசலில் நின்றதும் வரவில்லை. "நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு வாங்கக்கா. தண்ணி வருத நாளு" என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் வரும் நாளில் அவள் வந்ததே இல்லை. தெருவை அடைத்துக் குடம் இருக்கும், நடக்க முடியாது.

வந்தாள். குழாயில் காற்றுச் சத்தம் கேட்டதுமே பெத்தம்மாள் பெரியம்மா மிச்சமிருந்த நாலு குடம் பழைய தண்ணீரை வாசலோரம் கவிழ்த்தாள். எதிர்வீட்டிலும் கவிழ்த்தார்கள். அப்படியே தெரு முழுக்க. நல்ல தண்ணீரை ஏன் கொட்டுகிறீர்கள் என்று அக்கா கேட்டாள்.

"புதுத் தண்ணி வந்த பொறவு பழசு எதுக்கு தாயி? ரெண்டு கொடம் தாரேன், வில்லிபுத்தூருக்குச் சொமந்துட்டுப் போறியா?"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஈரத்தில் நின்ற கீழாநெல்லியைப் பார்த்தாள். வரைபடத்தை எடுத்து எங்கள் தெருவின் பச்சையைப் பேனாவால் அடித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

மற்றத் தெருக்களிலும் இப்படித்தானா என்று அடுத்துக் கேட்டாள். குழாய் இருக்கிற தெருவெல்லாம் இப்படித்தான் என்றாள் பெரியம்மா.

"பாறைத் தெருவுல?" வரைபடத்தில் முதல் சிவப்பு அதுதான்.

"அங்க ஏது கொழா? லாரித் தண்ணி. ஒரு சொட்டு சிந்துனா அடிச்சுக்கிடுவாளுவ."

சிவப்புத் தெருக்களின் பெயரை அக்கா ஒவ்வொன்றாக வாசித்தாள். பத்தும் லாரித் தண்ணீர்த் தெருக்கள். ஒரு வருடம் வெயிலில் நடந்து, ஊரில் குழாய் எங்கே இருக்கிறது என்று வரைந்து வைத்திருந்தாள்.

எங்கள் தெரு ஒன்றைத் திருத்தினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது அவள் கையில் கொடுக்க எதுவும் இல்லை. விடிந்தால் திங்கள். யாருக்குமே பெயிண்ட் கிடைக்காது.

உள்ளே போய்த் துணிக்கட்டுக்கு அடியிலிருந்து என் நோட்டை எடுத்து வந்தேன். சுவர் உச்சியில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை; அங்கே மழையில் முளைக்கிற பாசி, தெரு சூடானால்தான் சீக்கிரம் கருகும். எந்தத் தெருவில் மழைப்பாசி மார்கழியிலேயே கருகுகிறது, எந்தத் தெருவில் மாசி வரை பச்சையாக நிற்கிறது என்று மூன்று வருடமாக எழுதியிருக்கிறேன். அதே நோட்டில் யாரும் படிக்கக் கூடாததும் நிறைய இருந்தது. கிழித்துவிட்டுக் கொடுக்க நேரமில்லை.

"சொவத்து மேல பாருங்கக்கா" என்று நீட்டினேன்.

குடங்களுக்கு நடுவே நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள். பிறகு அதை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவர்களை அண்ணாந்து பார்த்தபடி பாறைத் தெருப் பக்கம் நடந்தாள்.