ஏழு வினாக்களும் ஒரு சிறுநீரகமும்

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு கோப்பில்கூட முதல் தடவையே கையெழுத்திட்டு அறியாத பெருமைக்குரிய அலுவலகக் கண்காணிப்பாளர் அவர்களின் இடது சிறுநீரகம் அடைத்துக்கொண்டுவிட்டது.

சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்பும் இடம் பிறவியிலேயே குறுகலாம். ஐம்பத்திரண்டு வருடம் எப்படியோ சமாளித்தது, ஓர் ஆய்வுக்கூட்டத்தில் மேலதிகாரி பேசும்போது விலாவைப் பிடித்துக்கொண்டது. கண்காணிப்பாளரின் கண்ணீரைப் பார்த்த மேலதிகாரி, தன் பேச்சுதான் உருக்கிவிட்டதென்று இன்னும் கால்மணி நேரம் பேசினார்.

அலுவலகத்தில் அவருக்குத் 'திருப்பி' என்று பெயர். எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். கையெழுத்துப் போட்டால்தானே பொறுப்பு?

இப்போது முதுகில் நாடா கட்டிய மருத்துவமனை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து, ஒப்புதல் படிவத்தைச் சிவப்புப் பேனாவால் மேய்ந்துகொண்டிருந்தார். அந்த அங்கியில் கம்பீரம் முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது.

"மூணு சின்ன ஓட்டைதான் சார்," என்றார் அறுவைசிகிச்சை செய்யப்போகும் பெண் டாக்டர். "ஒண்ணு கேமராவுக்கு, ரெண்டு கருவிக்கு. குறுகலான இடத்தை வெட்டிட்டு மறுபடி தைச்சிடுவோம். உள்ள ஒரு மெல்லிய குழாய் இருக்கும். ஆறு வாரத்துல எடுத்துடலாம்."

"சின்னன்னா எத்தனை மில்லிமீட்டர்? படிவத்துல இல்லையே."

"பத்தைத் தாண்டாது."

"'தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரிடலாம்'னு இருக்கு. தேவைன்னு யார் முடிவு பண்றது?"

"நான்தான் சார். நீங்க அப்ப தூங்கிட்டிருப்பீங்க."

இப்படி ஏழு வினாக்கள்; ஏழும் படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏறின. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏற்கெனவே ரெண்டு தேதியத் தள்ளிட்டீங்க. நாலு மணிக்குள்ள கையெழுத்து வரலேன்னா நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் வேற ஆளுக்குப் போயிடும். அந்தக் கிட்னி முப்பது சதவீதம்தான் வேலை செய்யுது. இன்னும் இறங்கிச்சுன்னா சரிபண்றதுக்கு ஒண்ணும் இருக்காது சார், எடுத்துட வேண்டியதுதான்."

டாக்டர் போனதும் மனைவி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு இவர் கண்காணிப்பாளரின் பிரிவிலேயே எழுத்தர். இவர் அனுப்பிய ஒரு கோப்பு பதினோரு தடவை திரும்பி வந்தது. விளக்கம் சொல்லப் போய்ப் போய்த்தான் கல்யாணத்தில் முடிந்தது.

"ஏங்க, பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? இதெல்லாம் நடைமுறைடி."

"நடைமுறைக்கு ஏன் ஏழு கேள்வி?"

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார், திறந்தார். "முழிக்கலேன்னா?" என்றார், சுவரைப் பார்த்து.

அந்த எட்டாவது வினா படிவத்தில் இல்லை. மனைவி பேனாவை வாங்கி, படிவத்தின் அடியில் தன் பழைய உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்:

'மேற்கண்ட ஏழு வினாக்களும் பரிசீலிக்கப்பட்டன. ஏழுக்கும் காரணம் பயம் ஒன்றே. வேலை முடியும்வரை எழுத்தர் வாசலிலேயே இருப்பார். ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.'

கண்காணிப்பாளர் படித்தார். குறை தேடினார். மறுபடி படித்தார்.

"தேதி போடலியே," என்றார். படிவத்தை மனைவியிடம் நீட்டினார்.

மனைவி தேதி போட்டார். அவர் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஐம்பது.

மறுநாள் அறுவைசிகிச்சைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. எழுத்தர் குறிப்பில் கண்டபடி வாசலில் இருந்தார், காப்பிக்குக்கூட எழவில்லை. மயக்கம் தெளிந்த கண்காணிப்பாளர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"இருக்கியா?"

"குறிப்புல எழுதியிருக்கேன்ல?"

உள்ளே வைத்த குழாயை ஆறு வாரத்தில் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனின் அறிக்கை வந்தது: 'இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தடையின்றி வடிகிறது.' கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. விளக்கம் எதுவும் கோரப்படவில்லை.

பிறகு ஒன்றுக்குப் போனார்.