குட்டச்சி உட்கார்ந்த சுவர்

பூசணம் மோப்பம் பிடிக்க நாய் வருகிறது என்று தெரிந்ததும், எதிர்வரிசை மாடிகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் துணி காயப்போடும் வேலை வந்துவிட்டது. தூறல் இன்னும் விடவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு அண்ணனுடையது. மாடியில் அவரும் அவர் மனைவியும்; கீழே பின்னறையில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பெண்குழந்தை. அந்த அறைக்கு வந்ததிலிருந்து குழந்தைக்கு இழுப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "சுவருக்குள்ள பூசணம் இருக்கு மாமா, நாத்தம் வருது" என்று தம்பி மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பெரியவர் அந்தச் சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பெரியப்பா என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று தெரு மெச்சியது. தம்பி, அண்ணன் எதிரில் கொட்டாவி விடக்கூட அனுமதி கேட்கிறவர்.

கடைசியில் அவளே விசாரித்து நாய்க்காரரை வரவழைத்தாள். பெரியவர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"நாய் உக்காந்தா சுவரை உடைச்சிடுறேன். உக்காரலைன்னா இந்தப் பேச்சு இனிமே வரக்கூடாது. என்னம்மா?"

"சரிங்க மாமா."

குட்டைக்கால் நாய், பெயரும் குட்டச்சி. பூசண வாசம் அடித்த இடத்தில் உட்காரும். உட்கார்ந்தால் நாய்க்காரர் இடுப்புப் பையிலிருந்து தீனி கொடுப்பார். "வேற யாரும் எதுவும் குடுத்துடாதீங்க சார், பழக்கம் கெட்டுடும்" என்று வாசலிலேயே பெரியவரிடம் சொன்னார். அவள் அப்போது உள்ளே குழந்தையின் முகத்தில் மருந்துப்புகைக் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாய்க்காரர் கைகழுவப் போனார். கூடத்துக்கு வந்தவள், தன் பிள்ளைக்காக வந்த ஜீவன் வெறும் வயிற்றோடு நிற்பதாவது என்று பிஸ்கட்டை நீட்டினாள். குட்டச்சி சமர்த்தாக உட்கார்ந்தது. இன்னொன்று. மறுபடி உட்கார்ந்தது. மாடிப்படியில் நின்று பெரியவர் பார்த்தார். மற்ற நேரங்களில் ஓயாத அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

பின்னறையில் குட்டச்சி சுவரோரமாகவே போய், ரோஸ் பெயின்ட்டில் மூக்கை வைத்து, உட்கார்ந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சார், உங்ககிட்ட மறைக்கக்கூடாது" என்றார் பெரியவர், ரொம்ப வருத்தமாக. "இந்தப் பொண்ணு அதை உக்காரவச்சு உக்காரவச்சு பிஸ்கட் குடுத்துச்சு."

நாய்க்காரர் அவளைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்து நாயை நடத்தினார். அவள் எதிரே உட்கார்ந்தது. சோபா பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். அங்கேயும் போய் உட்கார்ந்தது.

"இன்னைக்கு இது செல்லாதும்மா. எதுக்கு உக்காருதுன்னு என்னால சொல்ல முடியாது. மறுபடி பழக்கித்தான் கூட்டிட்டு வரணும்."

"உங்க மனசுக்கு என்ன தோணுது?"

"என் மனசை நம்பி ஒருத்தர் வீட்டை உடைக்கச் சொல்ல முடியுமா?"

"அப்புறம் என்ன, பேச்சு முடிஞ்சுது" என்று பெரியவர் மாடியேறினார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு, சுத்தியலோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கன்னங்கரேலென்று, ஈரமாக, மயிர் முளைத்தாற்போல் சுவர் முழுக்க.

"வந்து பாருங்க மாமா" என்று கதவை அகலத் திறந்தாள். சந்தோஷத்தில் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை மறந்துவிட்டாள். அறையில் பறந்ததெல்லாம் கூடத்துக்கு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவர் அந்த அறை வாசற்படியில்தான் நின்றிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் நெஞ்சுக்குள் அடித்த விசில் சத்தம் நின்றுபோனது. நல்லதுக்கு நிற்கவில்லை என்பது உதட்டின் நிறத்தில் தெரிந்தது.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே, வண்டியை எடுங்க" என்று பெரியவரைப் பிடித்துத் தள்ளியது அவர் மனைவிதான். அவர் ஓட்டினார். பின்னிருக்கையில் கணவர் மடியில் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, அவள் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். முழங்கைவரை அந்தக் கறுப்பு அப்பியிருந்தது.