இருபது மில்லி

அப்பாவின் உடல் வைத்திருந்த மலர்ச்சாலையின் பின்னறையில் முறைப்பாட்டுக் கடிதத்தைப் போனில் தட்டிக்கொண்டிருந்த யதுஷாவின் கையைத் தாய் றேணுகா எட்டிப் பிடித்தாள்.

"அதை அனுப்பாதை பிள்ளை."

"ஏனம்மா? அப்பாவைச் சாகவிட்டவைக்குக் கும்பிடு போடச் சொல்லுறீங்களோ?"

முன்மண்டபத்தில் அப்பா தியாகராசா பெட்டிக்குள் கிடந்தார். கணையத்தில் கட்டி. வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு பொருத்தித் தைத்தார்கள். தைத்த இடம் கசிகிறதா என்று பார்க்க வயிற்றிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பை. ஆறாம் நாள் வரை நாளுக்கு நூற்றெழுபது, நூற்றெண்பது மில்லி. ஏழாம் நாள் இருபது. ஒரே நாளில் எப்படி வற்றும்? அதற்கு முந்தின நாள் பின்னேரம் பை பாதிக்கு மேல் நிறைந்திருந்ததைக் கண்ணால் கண்டவள் யதுஷா. கட்டில் காலியாக வேண்டுமென்று யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள். குழாயைக் கழற்றி, வீட்டுக்குப் போகத் துண்டும் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கசிந்தது உள்ளேயே தேங்கி இரத்தக்குழாய் உடைந்து ஆள் போய்விட்டார். சும்மா விடுவாளா?

அம்மா ஏன் மறிக்கிறாள்? ஆஸ்பத்திரிக்காரர் ஏதாவது கதைத்து வாயை அடைத்துவிட்டார்களோ?

"வார்ட்டில நிண்ட நேர்ஸ், ஆதிபா மிஸ்ஸிதான் அளவு எழுதினவ. அவவின்ர பேரைப் போடப்போறன்."

"அந்தப் பிள்ளை பையில இருந்ததைத்தான் எழுதினது." றேணுகாவின் குரல் இறங்கியது. "அப்பா அண்டைக்கு விடிய எழும்பி, பையில இருந்ததை பாத்ரூமில ஊத்திப்போட்டு வந்து படுத்தவர். நான் கதவடியில காவல் நிண்டனான்."

"என்னம்மா விசர்க்கதை கதைக்கிறீங்கள்?"

"பை வத்தினால்தான் வீட்ட விடுவம் எண்டு டொக்டர் சொன்னவர். நீ ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்குப் போக இருந்தாய். உன்னோட ஒரு நேரமெண்டாலும் வீட்ட இருந்து சாப்பிடவேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டார். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவர்."

யதுஷா போனைக் கவிழ்த்து வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தை வீட்டில் அவர் இரண்டு இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். "விடமாட்டாங்கள் எண்டாய், பாத்தியே?" என்று சிரிக்கவும் செய்தார்.

கதவை யாரோ தட்டினார்கள். ஆதிபா. வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள்.

"அங்கிள் நல்லாத்தானே போனாரு." அவள் கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு ரெண்டு நாளா நித்திரையே இல்ல. நான் எழுதினதுல ஏதும் பிழையா அக்கா?"

றேணுகா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மகளையே பார்த்தாள்.

"இல்லை," என்றாள் யதுஷா. "நீங்கள் சரியாத்தான் எழுதினீங்கள்."

"அப்ப எப்பிடி அக்கா?"

பெட்டியை மூடப்போகிறார்கள், வாருங்கள் என்று முன்மண்டபத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் அசையவில்லை.