உம்மாவின் காலிலிருந்த கிருமி

உம்மாவின் இடது காலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஜஸீமாவின் கை தயங்கியது. மய்யித்தை, உயிர்போன உடலை, குளிப்பாட்ட வந்திருந்த பெண், "மெதுவா ஊத்து மக்கா, புண்ணு இருக்கு" என்றாள். எதிரே நின்ற அண்ணன் மனைவி முபஷ்ஷிரா தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதமாக அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் அவள்.

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இரத்தத்தில் ஏறி, விடிகாலை சுபுஹு நேரத்தில் உம்மா கதீஜம்மாள் இறந்துபோயிருந்தாள். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஜஸீமா ஆராய்வதும் அப்படிப்பட்ட கிருமிகளைத்தான். காலியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை, அவை தங்களுக்கு வேண்டிய இரும்பென்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்ளும், எடுத்தது பிழைக்காது. போன மாதம் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, உம்மாவிடம் கையெழுத்து வாங்கி, புண்ணிலிருந்த கிருமியை மருத்துவமனை மூலம் பெங்களூருக்கு அனுப்ப வைத்தாள். அன்று உம்மா விவரம் கேட்டாள். கிருமிகளை ஒவ்வொன்றாகத் தீக்குள் விடுவோம், சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான தீ, ஒரு கிருமி எரிந்தால் அதற்குள் போன உலோகம் கணினியில் ஒரு கோடாக எழும் என்று ஜஸீமா சொன்னாள்.

"மொத்தமா அளந்தா ஆவாதா?"

"மொத்தமாப் பாத்தா எல்லாத்துக்குள்ளயும் மருந்து போன மாதிரி இருக்கும்மா. போகாத ஒண்ணு ரெண்டுதான் மறுபடி பெருகும்."

உம்மா வெகுநேரம் தன் காலையே பார்த்திருந்தாள். "கண்ணுக்கே தெரியாதது. அதைப் போயி ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கியா நீ" என்றாள். பிறகு அன்று முழுக்க வலியைப் பற்றி அவள் பேசவேயில்லை.

உம்மாவுக்கு வெள்ளைக் கஃபன் துணி உடுத்தி முடித்தபோது ஜஸீமாவின் போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் கூட வேலை பார்க்கும் எப்சிபா. இங்கே நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. ஏழாயிரம் கிருமி, ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றுக்குள்ளும் மருந்து போயிருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

அந்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ வருடம் ஆகும்.

ஜஸீமா சுவரோரம் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். மழைக்குப் பின் முளைத்த புல்லைப் போல நெருக்கமான கோடுகள். எந்த இரண்டும் ஒரே உயரமில்லை.

"என்னது அது?" என்றாள் முபஷ்ஷிரா.

"உம்மா கால்ல இருந்த கிருமி, மைனி. ஒரு கோடு ஒரு கிருமி. எல்லாத்துக்குள்ளயும் மருந்து போயிருக்கு."

"அப்போ..." என்று தொடங்கிய முபஷ்ஷிரா நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி, விரலால் மெல்ல நகர்த்தினாள். கோடுகள் வந்துகொண்டேயிருந்தன.

வாசலில் ஆண்கள் உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. போனின் திரை மங்கும்போதெல்லாம் முபஷ்ஷிரா அதைத் தொட்டுத் தொட்டு வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தாள்.