ரத்னாவுக்கு இரண்டாவது மாடு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ரத்னகாஜி, என் ரத்னா, இறந்தபோது, வந்தவர்களிடம் அவன் வீட்டார் என்னைக் காட்டி, "மாடியில வாடகைக்கு இருந்தவர்" என்றார்கள். பதினாறு வருஷம், ஒரே கட்டில். நல்ல வாடகை வீடுதான்.

"நான்" என்று எழுதினால் மூக்கு ஒழுகுகிறது. ஆகவே இனி அவன். பெயர் புண்யமான்.

2

முதல் தொடக்கம்: 'காட்மாண்டு வானம் கண்ணீர் சிந்தியது. புண்யமானின் இதயத்தில்...'

வேண்டாம். அன்று நல்ல வெயில். ரத்னா இதைப் படித்திருந்தால் சிரித்தே இன்னொரு முறை செத்திருப்பான்.

இரண்டாவது தொடக்கம்: காய் ஜாத்ரா என்ற மாட்டுத் திருவிழாவன்று, அந்த வருஷம் சாவு விழுந்த ஒவ்வொரு வீடும் ஒரு மாட்டை ஊர்வலத்தில் அனுப்பும். மாடு கிடைக்காவிட்டால் மாட்டு வேஷம். செத்தவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் எமன் வீட்டுக் கதவைத் தாண்ட வேண்டும். வேஷம் கட்டவும் யாரையும் கேலி செய்யவும் ஊரே அனுமதிக்கும் அதே நாளில்தான் எங்களைப் போன்றவர்களின் வானவில் ஊர்வலமும். ரத்னாவுக்கு அவன் வீட்டார் மாடு அனுப்பிவிட்டார்கள். வாடகைக்காரன் அனுப்ப முடியாது.

அதனால் புண்யமான் தானே மாடானான்.

3

கொம்பைக் கட்டிவிட்டவள் சஞ்சனா. ஆறடி உயரத் திருநங்கை. எங்கள் எல்லோருக்கும் அக்கா.

"அசையாதடா மாடே! கொம்பு கோணிக்குது."

"இறுக்காதக்கா, தலை வலிக்குது."

"அம்பத்து மூணு வயசுல, சர்க்கரை வியாதியோட மாடானா வலிக்காம? சரி, அவங்க வீட்டு மாடு அப்பவே போயிடுச்சாமே. ரத்னா எந்த வாலைப் பிடிப்பான்?"

"அவன் என்னிக்கு ஒண்ணோட நின்னான்?"

(சஞ்சனாவை நம்பலாம். எனக்குச் சந்தேகம் புண்யமான் மேல்தான். அடுத்து அவன் செய்ததற்கு வேண்டிய தைரியம் அவனுக்குக் கிடையாது.)

4

அசன் கடைத்தெருப் பக்கம் வந்ததும் வானவில் ஊர்வலத்தை விட்டு நழுவி, ரத்னாவின் வீட்டுச் சந்தில் நுழைந்தான். வாசலில் ரத்னாவின் அம்மா, பால் குடத்தோடு. சுடுகாட்டில் "வெளியாளுங்க தள்ளி நில்லுங்க" என்றவள். ஆனால் வாசலுக்கு வரும் மாட்டை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது.*

முன்னால் போன மாடுகளுக்குத் தொன்னையில் சர்க்கரைப் பால் ஊற்றினாள். புண்யமானின் முறை வந்தது. முகமூடியைப் பார்த்தாள். பிறகு, மாடிப்படியில் பார்த்துப் பழகிய அவன் செருப்பை. கரண்டி நின்றது.

"இந்த மாட்டுக்குச் சர்க்கரை ஆகாது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "வெறும் பால் கொண்டா."

"யாரும்மா அது?" என்றது ரத்னாவின் தங்கை குரல்.

"மாடுதான். கேள்வி கேக்காம கொண்டாடி."

பால் எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

* மாட்டுக்குள் யார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே வழக்கம்.

5

முடிவு அ: அவள் முகமூடியைக் கழற்றி, "மகனே!" என்று... (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் எல்லாக் கிழட்டு மாட்டுக்கும் அப்படித்தான் சொல்லுவாள். (இதை எழுதியபோது கை ஓடவில்லை.)

நடந்தது: பின்னால் வந்த மாடுகள் நெட்டித் தள்ளின. குடித்துக்கொண்டே சந்து முனையைத் தாண்டிவிட்டேன், டம்ளரோடு.

"டம்ளர் திருடின மாட்டை இப்பத்தான்டா பாக்கறேன்" என்றாள் சஞ்சனா.

டம்ளர் என் புது அறையில், மேசை மேல் இருக்கிறது, இந்தக் காகிதங்கள் பறக்காமல் இருக்க. திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த காய் ஜாத்ராவுக்கு இன்னும் பத்து மாதம். அதற்கு முன்னால் போனால் முகமூடி கிடையாது.

கதவைத் தட்டுவது வரை நான் எழுதுகிறேன். திறப்பதை நீங்கள் எழுதுங்கள். அவளை மட்டும் அழ வைக்காதீர்கள். ரத்னாவுக்குப் பிடிக்காது.